பத்தடி நடை

ஆடி மாதத்து மூன்றாம் புதன்கிழமை விடிந்தபோது, புளியம்பாறை மாட்டுச் சந்தையில் கறவை மாடுகளுக்கும் வண்டி மாடுகளுக்கும் நடுவே, கயிறில்லாமல், கூட ஆளில்லாமல், கத்திரிப்பூ நிறத்தில் ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது. எவனோ விளம்பரத்துக்குச் செய்த வேலை என்று நினைத்த டீக்கடை ரத்தினம் ஈரத் துணியால் அதன் விலாவைத் துடைத்துப் பார்த்தான். சாயம் போகவில்லை, துணிதான் கொஞ்சம் வெதுவெதுப்பானது. அடுத்த புதனில் இரட்டை வால் குதிரை ஒன்றும், சிறகு முளைத்த பச்சை வெள்ளாடுகள் நான்கும், வயிற்றுக்குள் அகல் ஏற்றி வைத்ததுபோல் ஒளிர்கிற பன்றிக்குட்டி ஒன்றும் வந்தன. புரட்டாசி பிறப்பதற்குள் எடைமேடைக்குக் கிழக்கே கிடந்த காலியிடம் முழுக்க அவற்றுக்கென்றே ஆகிவிட்டது. அவை வைக்கோல் தின்னவில்லை, தண்ணீர் காட்டினால் முகர்ந்துவிட்டு நிமிர்ந்தன, யாரையும் முட்டவில்லை, எந்நேரமும் சந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. சாணி போடாததால் கூட்டுகிற மாராத்தாளுக்கு அவற்றை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் இவற்றுக்கு நுழைவுச் சீட்டுப் போடுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்து, ஆளில்லாத உருப்படிக்கு யார் பேரில் சீட்டுக் கிழிப்பது என்று விட்டுவிட்டார்.

தரகர்களால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக வாயைப் பிளந்து பல் பிடித்துப் பார்த்தார்கள்.

"பால் பல்லுமில்ல, சேர்ந்த பல்லுமில்ல, இப்பத்தான் அச்சடிச்சு எடுத்த மாதிரி ஒரே வரிசையா இருக்குது," என்றார் சாமியப்பன். வாயடிப்பதில் அந்தச் சந்தைக்கே முதல் ஆள் அவர். "இதுக்கு வயசு சொல்லோணும்னா எங்கப்பனைச் சுடுகாட்டுல இருந்து கூட்டியாரோணும்."

"உங்கப்பன் வந்தா வயசு சொல்ல மாட்டாரு. வித்துப்போட்டுப் போயிருவாரு," என்றார் நாச்சிமுத்து.

எல்லோரும் சிரித்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷம் வைகாசியில் ஒரே மகள் ஐந்து நாள் காய்ச்சலில் போன பிறகு, நாச்சிமுத்து தொழில் பேச்சைத் தவிர வேறு பேச்சுப் பேசியது அன்றைக்குத்தான்.

அந்த உயிர்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் சொன்னவர் கரூர்ப் பக்கத்துப் பஸ் கண்டக்டர். யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, தான் வேலை பார்க்கும் பஸ்ஸையே சந்தை வாசலில் நிறுத்தி, பயணிகள் திட்டத் திட்டக் காக்கிச் சட்டையோடு உள்ளே ஓடிவந்தார். ஊதா எருமையைப் பார்த்து, "ரோசாப்பூ!" என்று கூப்பிட்டார். எருமை தலை தூக்கிற்று. அவரை நோக்கி நடந்தது, ஒன்று, இரண்டு என்று பத்தடி. பதினோராவது அடியில் எருமை இல்லை. கண்டக்டர் அப்படியே குந்திவிட்டார். ஃபோனில் ஆடும் பண்ணை விளையாட்டில் மூன்று வருஷம் வளர்த்ததாம். ஒருத்தன் ஏமாற்றி வாங்கிக்கொண்டு போனானாம். ஃபோனை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அது திரும்பி வந்திருக்கவில்லை. "பரவால்லீங்க," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னைப் பார்த்து நடந்து வந்துச்சே." பிறகு போய் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பிற்று.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா நிலோஃபருக்கு அந்த விளையாட்டு தெரிந்திருந்தது. அதிலும் ஒரு சந்தை உண்டு என்றாள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் ஆடு மாடு மாற்றிக்கொள்வார்கள். ஏமாந்தவர்களின் உருப்படிகள்தான் இங்கே வந்து நிற்கின்றன, நின்ற பிறகு ஆசையாய் வைத்த முதல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் நகர்கின்றன. ஏன் இந்தச் சந்தைக்கு என்று யாரும் கேட்கவில்லை. மாடு சந்தைக்கு வராமல் வேறு எங்கே போகும்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் ஆட்கள் வந்தார்கள். கல்லூரிப் பெண்கள், ராணுவத்தில் இருப்பவர், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன்கள், தேனியிலிருந்து தனியாக வந்த ரிட்டயர்டு தலைமையாசிரியை ஒருவர். வந்தவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால், எப்படிப் பறிபோனது என்பதை எடைமேடையில் உட்கார்ந்திருந்த தரகர்களிடம் சொன்னார்கள். யாரும் சொல்லச் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னார்கள். தங்கக் கொம்பு ஆட்டைக் காட்டிவிட்டு, கடைசி நொடியில் அதே மாதிரி பித்தளைக் கொம்பு ஆட்டை வைத்துச் சரி என்று அமுக்கியவன் கதை வந்தபோது தரகர்கள் தலையாட்டினார்கள். வாங்கினவன் டீ குடிக்கப் போன நேரத்தில் கன்றை மாற்றிக் கட்டுகிறவன் இவர்களுக்குப் பழையவன். நடுவில் நம்பிக்கையான ஆள் ஒருத்தரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அந்த நடு ஆளும் தானேயாக வந்தவன் கதையைக் கேட்டு, துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசிப் பழகிய சாமியப்பன், "ரெண்டு துண்டுக்குள்ளயும் ஒரே கை," என்றார். முதலில் நீ கொடு, இரண்டாக்கித் தருகிறேன் என்றவன், விளையாட்டு நடத்துகிற கம்பெனி அதிகாரி நான்தான் என்று மிரட்டியவன், இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டியவன். எல்லாவற்றுக்கும் சந்தையில் ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது. ஐப்பசி முதல், காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் இப்படி ஓர் அறிவிப்பும் சேர்ந்துகொண்டது: "ஃபோனில் உருப்படி மாற்றும் பொதுமக்கள் கவனிக்கவும். சரி என்று அமுக்குவதற்கு முன் எதிராளி பெட்டியை இன்னொரு முறை பார்க்கவும். முதலில் நீ கொடு என்பவனுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். அவசரப்படுத்துகிறவனிடமிருந்து விலகிப் போய்விடவும். கோமாரித் தடுப்பூசி போடாத மாடுகளுக்கு இன்றே போட்டுக்கொள்ளவும்."

நாச்சிமுத்து எல்லாக் கதைகளையும் கேட்டார். தன் கதையைச் சொல்லவில்லை.

மகள் கோகிலவாணி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனபோது, அப்பாவின் ஃபோனில் அந்தப் பண்ணையை வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் ஷிப்ட் முடிந்து வந்ததும் அங்கே இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள்; அவள் தண்ணீர் இறைப்பாள், அவர் அவளுடைய வானநீலக் கன்றுக்குத் தீவனம் போடுவார். நெற்றியில் மஞ்சள் சுட்டி, தாடைக்குக் கீழே தொங்கும் காது. "பின்னங்கால் எடது பக்கம் அரை மூச்சு தாமசமா விழுகுது பாரு அம்மிணி," என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "அப்பா, இது ஃபோன் கன்னுக்குட்டி. இதுக்கேது நோவு?" என்று அவள் சிரித்த சிரிப்பு ஃபோனில் உடைந்து உடைந்து வந்தது. அவள் போன பிறகும் ஐந்து மணிக்கு அவர் தீவனம் போட்டார். அடுப்படியிலிருந்து மனைவி பாவாயி, "போட்டாச்சுங்களா?" என்று கேட்பாள். "ஆச்சு," என்பார். வீட்டில் மிஞ்சிய பேச்சு அவ்வளவுதான்.

அவள் போன வருஷத்துக் கார்த்திகையில் ஒரு நாள் அந்தப் பண்ணை வாசலில் எவனோ வந்து நின்றான். இளந்தாரிக் குரல், இந்தப் பக்கத்துப் பேச்சு. "ஐயா, கன்னு அம்சமா இருக்குதுங்க." விலைக்கில்லை என்றார் நாச்சிமுத்து. "வெலைக்கு ஆருங்க கேட்டா? பத்தடி நடத்திப் பார்த்துட்டுத் தந்தர்றேனுங்க." முப்பத்தோரு வருஷத் தொழிலில், ராவிய பல்லையும் எண்ணெய் பூசிய கொம்பையும் உப்பும் தண்ணீரும் கொடுத்து ஊத வைத்த வயிற்றையும் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற மனிதர் அவர். ஆனால் நொண்டுகிறதா என்று நடை பார்க்கக் கயிறு கேட்கிறவனுக்கு 'இல்லை' என்று எந்தச் சந்தையிலும் யாரும் சொன்னதில்லை. நடை பார்க்க வாங்கிய கயிற்றோடு எந்தச் சந்தையிலும் யாரும் ஓடினதில்லை. அந்த ஃபோனுக்குள்ளும் நடை தெரிந்த ஒருவன் இருக்கிறானே என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எதிர்ப் பெட்டி காலியாக இருந்தது. விற்காத மாட்டுக்குப் பெட்டி காலியாகத்தானே இருக்கும். சிவப்பில் இங்கிலீஷ் எழுத்து மூன்று முறை மினுங்கியது. மூன்று முறையும் பச்சையை அமுக்கினார். கன்று அவன் பக்கம் போயிற்று. அவன் நடத்திப் பார்ப்பதைப் பார்க்கக் காத்திருந்தார். இருட்டும் வரை காத்திருந்தார்.

"போட்டாச்சுங்களா?" என்றாள் பாவாயி.

"ஆச்சு," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலிப் பண்ணையைப் பார்த்தபடி, ஆச்சு.

அதனால்தான் கண்டக்டர் வந்து போனதிலிருந்து ஒவ்வொரு புதனும் எல்லோருக்கும் முன்னால் வந்து அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். ஐப்பசியாகியும் பன்றிக்குட்டியைத் தேடி யாரும் வரவில்லை. "வளர்த்தவங்க மறந்திருப்பாங்க. இல்லீன்னா அவங்களே இல்லாம இருப்பாங்க," என்றாள் டாக்டரம்மா. அது காலிலிருந்து மேலாக வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் தரைக்கு ஒரு சாண் மேலே வயிற்று வெளிச்சம் மட்டும் நின்று, அதுவும் அணைந்தது. அணையும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டதாக மாராத்தாள் சொன்னாள். கூட்டத் தேவையில்லாத அந்த இடத்தை அன்றைக்கு அவள் கூட்டினாள்.

மார்கழி இரண்டாம் புதனில் வானநீலக் கன்று வந்தது. நிறத்தை வைத்தோ சுட்டியை வைத்தோ அவர் அதை அடையாளம் காணவில்லை. வாசலிலிருந்து அது வந்த நடையில், இடது பின்னங்கால் அரை மூச்சு தாமசமாக விழுந்தது. எழுந்து போய்க் கழுத்தில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. "கன்னு," என்றார். "கண்ணு. அம்மிணி." அது அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தது.

பேர் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கன்றின் தலைக்கு மேலே எப்போதும் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவருக்கு அது கன்றின் மேல் பறக்கிற ஈ மாதிரிதான் இருந்தது. ஒரு நாளும் கேட்டதில்லை. மகள் முன்பு எடுத்து அனுப்பிய படம் ஃபோனில் இருந்தது. அதை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"ஜிமிக்கின்னு போட்டிருக்குதுங்க ஐயா," என்றாள் அவள்.

அவர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தார்.

கோகிலவாணிக்கு எட்டு வயதில் வீட்டில் ஒரு கிடாரிக்கன்று இருந்தது. காது நீளமாகத் தொங்கியதால் அவள் வைத்த பேர் ஜிமிக்கி. மழையில்லாத வருஷம் அது. காங்கேயத்துக்காரர் ஒருவருக்குக் கன்று பேசி முடித்தாயிற்று. பிள்ளை தொழுவத்தில் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "விக்கிறதுக்கில்ல அம்மிணி. அவுரு பத்தடி நடை பார்க்கோணுமாமா. பார்த்ததும் திருப்பிக் கொண்டாந்தர்றேன்," என்றார் நாச்சிமுத்து. பிள்ளை கையை எடுத்தாள். அவர் சாயங்காலம் கயிற்றை மட்டும் கொண்டுவந்தார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கிறதில்லை, கயிற்றோடு வீட்டு லட்சுமி போய்விடும். வாசலில் நின்றிருந்த பிள்ளை கயிற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் அதை மறந்துவிட்டார். ஒரு தரகனுக்கு அது ஒரு கன்று.

பேர் தெரிந்த பிறகும் அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பத்தடிதான்.

மாராத்தாள் வாயில் எதுவும் தங்காது. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆளில்லாத சந்தைக்குப் பாவாயி ஒரு கட்டுச் சோளத்தட்டோடு வந்தாள். கன்றின் முன்னால் அந்தத் தீவனத்தைப் போட்டாள். அது முகர்ந்துவிட்டு நிமிர்ந்தது.

"நடை பார்க்கக் கேட்டான். குடுத்துப்போட்டேன்," என்றார் நாச்சிமுத்து. "கார்த்திகையில. போன வருசம்."

"தெரியுமுங்க."

"எப்படி?"

"அன்னைக்கு ராகிக்களியில உப்புப் போட மறந்துட்டேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லாம உண்டீங்களே."

"அப்பறம் எதுக்குத் தெனமும் போட்டாச்சா போட்டாச்சான்னு கேட்டே?"

"கேக்காம உட்டா அதையும் நிறுத்துன மாதிரி ஆயிருமுங்களே மாமா."

அவள் கன்றின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "பேரு தெரியுமுங்களா?"

"இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. உனக்கு?"

"எனக்கென்னுங்க தெரியும்," என்றாள் பாவாயி.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு இருவரும் வந்து பேர் சொல்லிப் பார்த்தார்கள். லட்சுமி என்றாள் அவள். மயிலா என்றார் அவர். செவந்தி, காமாட்சி, நீலவேணி, சிட்டு, பவளம், தங்கம். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் கோகிலவாணி பள்ளிக்கூடத்தில் கல்லெறிந்த கதையும், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கி அப்பாவுக்கு ஒன்றும் வாங்காமல் வந்த கதையும் வந்தன. ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத அவள் பேர், ஒரு சாயங்காலத்தில் முப்பது தடவை வந்தது. சந்தைப் பக்கம் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்; சிலர் தங்களுக்குத் தெரிந்த பேர்களையும் சொல்லிவிட்டுப் போனார்கள். ரத்தினம் டீ கொண்டுவந்து வைத்தான், கூடவே தன் பெரியம்மா பேரையும்.

தை பிறந்ததும் கன்றின் குளம்புகள் வெளுத்தன. முழங்காலுக்கு வெளுப்பு ஏறிய புதன்கிழமை, மற்றவை எல்லாம் கூப்பிட்டவர்களை நோக்கி நடந்து மறைந்துவிட, அது மட்டும் தனியாக நின்றபோது, நாச்சிமுத்து எடைமேடையில் தரகர்களிடம் தன் கதையைச் சொன்னார். நடை பார்க்கக் கொடுத்ததை. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னதையும். சாமியப்பன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "நடைக்குக் கேட்டா நானும் குடுத்திருப்பேன் நாச்சி," என்றார் சாமியப்பன். எழுந்து போய் ஒலிபெருக்கி மைக்கைக் கையில் வாங்கி அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தார்: "நடை பார்க்கிறேன் என்று கேட்டாலும் ஃபோனில் கொடுக்க வேண்டாம்." அதையே இரண்டு முறை சொன்னார்.

அன்று சாயங்காலம் பாவாயி வந்து மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு பழைய கன்றுக் கயிற்றை எடுத்தாள். ஜிமிக்கியின் கயிறு அது என்று நாச்சிமுத்துவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"அவ பொட்டியில துணிக்கு அடியில இருந்துச்சுங்க. ஓசூருக்கும் கொண்டுபோயிருக்கறா." கொஞ்சம் பொறுத்து, "பேரும் எனக்குத் தெரியுமுங்க. மொதல்லயே எங்கிட்டச் சொன்னா. 'அப்பாகிட்டச் சொல்லிப்போடாதம்மா, அவரா ஒரு நாளைக்குக் கேப்பாரு, அன்னைக்கு நான் பேசிக்கறேன்'னு சொன்னா."

"நான் கேக்கவேயில்லியே," என்றார் அவர்.

கன்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, தன் வலது கைக்கும் அவள் வலது கைக்கும் மேலே போட்டார், சந்தையில் வாயால் சொல்ல முடியாத விலையை விரலால் சொல்வதற்குப் போடுவது போல. துண்டுக்குள் அவள் விரல்களைத் தேடி ஐந்தையும் பிடித்து அழுத்தினார்: கூப்பிடாமல் இன்னும் ஐந்து நாள். அவள் இரண்டு விரலை மடக்கிக் காட்டினாள். அவர் நான்கு விரலைப் பிடித்தார். அவள் மூன்றிலேயே நின்றாள். வெளியே இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நல்ல தரகர்களுக்குத் தெரியக் கூடாது.

முதல் நாள் பேர்கள் சொன்னார்கள். இரண்டாம் நாள் கன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் வெளுப்பு வயிற்றைத் தொட்டிருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் பாதிக் கன்று காற்றில் மிதந்தது. நாச்சிமுத்து துண்டைப் போட்டு ஒரே ஒரு விரலைக் கேட்டார். துண்டுக்குள் பாவாயியின் கை மூடிய முட்டியாக இருந்தது. அவர் அதைப் பிரிக்கப் பார்த்தார். அவள் பிரிக்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஜிமிக்கி."

கன்று தலை தூக்கிற்று. காதுகள் ஆடின. அவர் பக்கம் வரும் என்று நினைத்தார்; அது வாசலைப் பார்த்து நடந்தது, அங்கே தனக்கென்று யாரோ நிற்பதுபோல. ஒன்று. இரண்டு. இடது பின்னங்கால் அரை மூச்சு தாமசமாக. அவர் உதடு எண்ணிற்று. ஏழு. எட்டு. ஒன்பதில் அது கொஞ்சம் ஓடிற்று.

பத்து.

"நடை பார்த்தாச்சு அம்மிணி," என்றார் நாச்சிமுத்து, வெறும் வாசலைப் பார்த்து. "திருப்பிக் குடுத்துட்டேன்."

பேரம் முடிந்தால் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துவிட வேண்டும் என்பது சந்தை வழக்கம். கயிறு மடியில் கிடக்க, முட்டி மெல்லப் பிரிந்து அவர் விரல்களுக்குள் வந்த பிறகும், அவர்கள் எடுக்கவில்லை. மாராத்தாள் விளக்குமாற்றோடு வந்தாள். அவர்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகப் போய்க் கூட்டினாள்.